வாஷிங்டன் யாருடைய பெயர்?

போன மாதம் ஒரு நண்பர் தன் மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். 'சர்நேம்' என்ற கட்டம் வந்ததும் கை நின்றுவிட்டது. அவருடைய தாத்தா விட்டொழித்த சாதிப் பட்டத்தை அங்கே போட்டால் என்ன என்று ஒரு யோசனை. எனக்கு போன் போட்டார்.

"சாதிக்காக இல்லப்பா, அடையாளத்துக்கு. வெள்ளைக்காரனப் பாரு, எண்ணூறு வருஷத்துப் பேரப் பத்திரமா வச்சிருக்கான். ஜார்ஜ் வாஷிங்டன் வம்சத்துக்கு 1183 வரைக்கும் ரெக்கார்டு இருக்கு. நமக்கு என்ன இருக்கு? ஒரு இனிஷியல். அதுவும் ஒரு தலைமுறையில செத்துப்போகும்."

இது அவர் ஒருவரின் வாதம் அல்ல. இலக்கியக் கூட்டங்கள் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது கேட்டிருக்கிறேன். நன்றாகப் படித்த, சாதியை வெறுப்பதாகச் சொல்கிற ஆட்களிடமும் கேட்டிருக்கிறேன். சாதிப் பெருமை என்று சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். ஆகவே 'வேர்' என்கிறார்கள். மேற்குக்கு வேர் இருக்கிறதாம், நாம்தான் வெட்டிக்கொண்டோமாம்.

சரி, அவர் சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். வாஷிங்டன் என்ற பெயர் எங்கே பிறந்தது, எப்படி நகர்ந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது?

இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசலுக்குப் பக்கத்தில் வாஷிங்டன் என்று ஒரு ஊர் இருக்கிறது. பழைய டர்ஹாம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றால் வேலி போட்ட பண்ணை. 'இங்' என்பது ஒருவனின் ஆட்களை, அவனைச் சேர்ந்தவர்களைக் குறிக்கும் ஒட்டு. வாஸா என்றோ ஹ்வாஸா என்றோ ஒருவனுடைய ஆட்களின் பண்ணை என்பது பொதுவாகச் சொல்லப்படும் பொருள். அந்த வாஸாவுக்கும் ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் எந்த உறவும் இல்லை.

1183இல் டர்ஹாம் பிஷப் தன் நிலங்களையும் வருமானங்களையும் கணக்கெடுக்கச் சொன்னார். 'போல்டன் புக்' என்று அதற்குப் பெயர். அதில் ஹார்ட்பர்ன் ஊர் வில்லியம் என்பவர், ஹார்ட்பர்னைக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக வாஷிங்டனை வைத்திருக்கிறார் என்று ஒரு பதிவு வருகிறது. நண்பர் பெருமையோடு சொன்ன ரெக்கார்டு இதுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கவனியுங்கள். ஒரு நிலப் பரிமாற்றம். அதுவரை அவர் ஹார்ட்பர்ன் வில்லியம். நிலம் கைமாறிய பிறகு வெஸ்ஸிங்டன் வில்லியம். பரிமாற்றம் நடக்காமலிருந்தால் அமெரிக்கத் தலைநகரின் பெயர் இன்றைக்கு ஹார்ட்பர்ன். எண்ணூறு வருஷத்து வம்சப் பெயர் என்று நாம் வாய்பிளக்கும் பெயர், தொடங்கிய இடத்தில் ஒரு விலாசம். இருந்த பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அந்தக் குடும்பமே தன் புகழ்பெற்ற பெயரைச் சூடிக்கொண்டது.

இங்கிலாந்தில் எல்லாருக்குமே இப்படித்தான். 1066இல் நார்மன்கள் வந்த பிறகு, முதலில் நிலம் வைத்திருந்தவர்களிடம்தான் பரம்பரைப் பெயர் வந்தது. அப்பனின் நிலம் மகனுக்குப் போக வேண்டும், அதற்கு அடையாளம் வேண்டும். வரி வாங்குகிறவனுக்கும் ஆட்களைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி தேவைப்பட்டது. ஊர்க் கொல்லன் ஸ்மித் ஆனான், மாவு அரைத்தவன் மில்லர், ஜானுடைய மகன் ஜான்சன். சாதாரணக் குடியானவனிடம் இது வந்து நிலைக்க மேலும் முன்னூறு வருஷம் பிடித்தது. 1538இல் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்று உத்தரவிட்டார். இந்தக் கதையில் வேர் எங்கே இருக்கிறது? நிலமும் வரியும் ரிஜிஸ்டரும்தான் இருக்கின்றன.

வாஷிங்டன்கள் டர்ஹாமிலேயே உட்கார்ந்திருக்கவும் இல்லை. ஒரு கிளை லாங்கஷயரின் வார்ட்டனுக்குப் போனது. அங்கிருந்து லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் தெற்கே நார்தாம்ப்டனுக்கு வந்து, கம்பளி வியாபாரத்தில் பணம் பார்த்து, ஊர் மேயரும் ஆனார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளை விற்றபோது, 1539இல் சல்கிரேவ் என்ற இடத்தை வாங்கிப்போட்டார். அவருடைய வழியில் வந்த இன்னொரு லாரன்ஸ், எஸ்ஸெக்ஸில் பர்லி என்ற ஊரின் பாதிரியார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் பியூரிட்டன்கள் 1643இல் அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். சாராயக்கடையே கதி என்று கிடந்தார் என்பது குற்றச்சாட்டு. அரசர் பக்கம் நின்றதுதான் உண்மையான காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு.

அவர் மகன் ஜான் பிழைப்பு தேடிக் கப்பலேறினார். 1657இல் புகையிலை ஏற்றிய அந்தக் கப்பல் பொட்டோமக் ஆற்றில் தரைதட்டியது. அவர் வர்ஜீனியாவில் தங்கிவிட்டார். உள்ளூர்ப் பணக்காரர் ஒருவரின் மகளைக் கட்டினார், மாமனார் 700 ஏக்கர் கொடுத்தார். 1674இல் இன்னொருவரோடு சேர்ந்து 5,000 ஏக்கருக்குப் பட்டா வாங்கினார். பின்னால் மவுண்ட் வெர்னான் எழுந்தது அந்த நிலத்தில்தான். அவருடைய கொள்ளுப் பேரன் ஜார்ஜ், பிறந்தது 1732.

நண்பரின் கதை இங்கே முடிந்துவிடுகிறது. எனக்கு இங்கேதான் தொடங்குகிறது.

ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. 1799இல் அவர் தயாரித்த பட்டியலின்படி மவுண்ட் வெர்னானில் 317 அடிமைகள் இருந்தார்கள். அதில் 123 பேர் அவருக்கே சொந்தம். மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவி மார்த்தா வழியாக வந்தவர்கள். பட்டியலில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்கள்தான்.

அந்தப் பட்டியலுக்கு வெகுகாலம் முன்பே அங்கிருந்து போய்விட்ட ஒருவர் ஹாரி. ஆப்பிரிக்காவின் காம்பியா பகுதியில் பிறந்தவர். 1763 வாக்கில் வாஷிங்டன் அவரை வாங்கினார். 1771இல் ஹாரி ஓடினார், பிடித்து வந்துவிட்டார்கள். 1775இல் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் தன் படைக்கு வந்து சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். எஜமானர் சுதந்திரத்துக்காகப் படை நடத்திக்கொண்டிருக்க, 1776இல் ஹாரி அதே சுதந்திரத்துக்காக எதிர்ப்படைக்கு ஓடினார்.

பிரிட்டிஷார் தோற்றார்கள். 1783இல் நியூயார்க்கை விட்டுக் கிளம்பும்போது, தங்களோடு அழைத்துப்போன கறுப்பர்களை ஒரு பேரேட்டில் எழுதினார்கள். ஏறக்குறைய 3,000 பேர். அதில் அவர் ஹாரி வாஷிங்டன். வயது 43, முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, ஏழு வருஷம் முன்பு அவரை விட்டு வந்தவர். உடைமையாக இருந்தபோது ஹாரி என்ற ஒற்றைச் சொல்லே போதுமானதாக இருந்தது. தப்பித்து வந்த மனிதருக்கு இரண்டு பெயர்.

கப்பல் அவரைக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இறக்கியது. குளிர், பஞ்சம், சொன்ன நிலம் கிடைக்கவில்லை. 1792இல் ஏறக்குறைய 1,200 பேர் பதினைந்து கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி ஃப்ரீடவுனை நிறுவினார்கள். ஹாரியும் போனார். அங்கே சியரா லியோன் கம்பெனி, முதலில் கொடுத்த வாக்கை மீறி, குடியேறியவர்களின் நிலத்துக்கு ஆண்டு வரி கேட்டது. 1800இல் கிளர்ச்சி வெடித்தது. ஹாரி வாஷிங்டனும் பிடிபட்டு, விசாரிக்கப்பட்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த புல்லம் கரைக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தது 1799 டிசம்பரில். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கேட்காமல் போட்ட வரியை எதிர்த்து லண்டனில் இருக்கிற முதலாளிகளோடு மோதிய இன்னொரு வாஷிங்டன் ஆப்பிரிக்கக் கரையில் நிற்கிறார். இவர்களில் யார் அந்தப் பெயரின் வாரிசு? ரத்தத்தை வைத்துச் சொன்னால் ஹாரிக்குப் பங்கே இல்லை. காரியத்தை வைத்துச் சொன்னால்?

அறுபத்தைந்து வருஷம் கழித்து உள்நாட்டுப் போர் முடிந்தது. 1870 கணக்கெடுப்பில்தான் தெற்கின் கறுப்பின மக்கள் எல்லாரும் முதன்முறையாக முழுப்பெயரோடு எழுதப்பட்டார்கள். பலர் ஏற்கெனவே தங்களுக்குள் வைத்திருந்த பெயரை வெளியே சொன்னார்கள். பலர் கடைசி எஜமானின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். வாஷிங்டன் என்ற பெயர் கொண்ட கறுப்பர் எல்லாம் ஜார்ஜின் அடிமைகளின் வாரிசு என்று நினைத்தால் தப்பு. கணக்கே இடிக்கும்.

புக்கர் டி. வாஷிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1856இல் வர்ஜீனியாவில் பரோஸ் என்ற குடும்பத்தின் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு மேற்கு வர்ஜீனியாவில் பள்ளிக்கூடம் போகிறார். அதுவரை வெறும் புக்கர். வருகைப் பதிவில் மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர், சிலருக்கு மூன்று. பையனுக்குப் பயம் வந்துவிட்டது. தன் முறை வருவதற்குள் ஒரு யோசனை உதித்தது. ஆசிரியர் கேட்டதும், காலமெல்லாம் அதே பெயரில் கூப்பிடப்பட்டவன்போல, நிதானமாக 'புக்கர் வாஷிங்டன்' என்றான். வளர்ப்புத் தந்தையின் முதல் பெயர் வாஷிங்டன். 1901இல் வந்த சுயசரிதையில் அவரே இதைச் சொல்கிறார். தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ளும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்ற தொனியில், கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார்.

அவர்களின் தேர்வுகள் சேர்ந்து என்ன செய்தன என்று பாருங்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற பின்பெயர் கொண்டவர்கள் 1,63,036 பேர். அவர்களில் 90 சதவீதம் கறுப்பர்கள். டர்ஹாம் பிரபுவின் விலாசம் இன்று ஒரு கறுப்பினப் பெயர். இதைத்தான் என் நண்பர் 'வெள்ளைக்காரன் பத்திரமா வச்சிருக்கான்' என்றார்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பின்பெயருக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆக்ஸ்ஃபோர்டின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் பெயரையே சோதித்து 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சைக்ஸ் என்ற பெயர் கொண்ட, ஒருவரையொருவர் அறியாத 48 ஆண்கள். ஒய் குரோமோசோமைப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே வடிவம். அரிதான பெயர்களில் இந்த ஒற்றுமை கூடும், ஸ்மித் போன்ற பெயர்களில் காணாமல் போகும்.

சரி, அதனால் என்ன நிரூபணம் ஆனது? ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் ஒற்றைக் கோடு. பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்கள் வம்ச மரத்தில் 1,024 இடங்கள். பின்பெயர் அதில் ஒரே ஓர் இடத்தைச் சுட்டுகிறது. 512 பெண்களில் ஒருத்தியைக்கூடச் சுட்டவில்லை. நான் எழுதும் நிரலில் 1,024 பதிவுகளில் 1,023ஐத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை 'வரலாறு' என்று சேமித்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தச் சைக்ஸ்களிலும் பாதிக்கு மேல் ஒற்றுமை இல்லையே. தத்து, முறைகேடு, வேறு சைக்ஸ் குடும்பம், பெயர் மாற்றம் என எத்தனையோ. அவர்களும் சைக்ஸ்கள்தான்.

குலச்சின்னக் கோப்பை விற்கிறவர்களுக்கு இது தெரியாதா? பின்பெயரைத் தட்டச்சு செய்தால் கேடயம் போட்ட படம் வரும், ஃப்ரேம் போட்டுத் தருவார்கள். ஆனால் பெயருக்கென்று சின்னம் கிடையாது, தனி மனிதருக்கும் அவர் வழியினருக்கும்தான் என்று இங்கிலாந்தில் சின்னங்களைப் பதியும் ஆர்ம்ஸ் கல்லூரியே சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், வாஷிங்டன் குடும்பத்தின் சின்னம், இரண்டு சிவப்புப் பட்டையும் மூன்று நட்சத்திரமும், 1938இலிருந்து வாஷிங்டன் டி.சி.யின் கொடி. பல பத்தாண்டுகளாகக் கறுப்பர் பெரும்பான்மையாக இருந்த நகரம் அது.

இனி நம் கட்டத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பதிவுப் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' காலியாக இருந்தால் ஏற்காதே என்று நிபந்தனை எழுதியவன் நான். என் அப்பா பெயரையே அங்கே போட்டுக்கொண்டு திரிகிறவன், மற்றவர்களையும் அதே சந்துக்குள் தள்ளினேன். எல்லா மனிதருக்கும் பின்பெயர் உண்டு என்பது எனக்கு இயற்கை விதிபோலத் தோன்றியிருந்தது. அது நிலப்பதிவு எழுதியவர்களின் வசதி என்று அன்றைக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லாமல் போனது தொலைத்ததால் அல்ல. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மேடையில் இருந்தவர்களே பட்டத்தைத் துறந்தார்கள். நண்பரின் தாத்தாவும் அந்த அலையில் கைவிட்டவர்தான். சாதி ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. பெயரைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாதவன் ஊரைக் கேட்கிறான், தெருவைக் கேட்கிறான். ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கிறவன் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பட்டம் இருக்கும் இடத்தில் அந்தக் கூச்சம்கூடத் தேவையில்லை.

ஹார்ட்பர்ன் வில்லியம் நிலத்துக்காகப் பெயரை மாற்றினார். ஹாரி தான் யாருடைய பொருளும் இல்லை என்று காட்ட இரண்டாவது பெயரை எடுத்தார். தாத்தா மற்றவன் தலையில் மிதித்து நிற்கும் பெயர் வேண்டாம் என்று கழற்றி வைத்தார். இதில் எது பெருமைக்குரிய வரலாறு? பேரன் எதை வேர் என்கிறார்?

இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிட்டேன், இவ்வளவு ஒழுங்காக இல்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப அந்தக் கட்டத்துல என்னதான்யா போடுறது?" என்றார்.

"உங்க பேரப் போடுங்க."

"அது ஒரு தலைமுறைதானே?"

"உங்க தாத்தா செஞ்சதும் ஒரு தலைமுறையிலதான். இன்னிக்கு வரைக்கும் உங்க பேருக்குப் பின்னால அது இருக்கு."

இன்னும் படிவத்தை அனுப்பவில்லை. மனைவியின் பெயரையும் சேர்க்கலாமா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். தாராளமாக.