உன்னைக் கூட்டி வந்தது ஆர்?

வீட்டில் லினக்ஸ் போட்ட கணினியில், நாங்கள் போடாத மென்பொருள் ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்வது? எங்கட வட்டத்தில் இதற்கு இரண்டு பதில்தான் இருக்கு. "லினக்ஸ்தானே, வைரஸ் வராது, விடு மச்சான்" என்பது ஒன்று. "ஃபோர்மட் அடி, எல்லாம் சரிவரும்" என்பது மற்றது. இரண்டையும் நாங்கள் மறுக்கிறோம். முதலாவது பக்தி, மற்றது பயம். விசாரிக்கிற எண்ணம் இரண்டிலும் இல்லை.

முதலில் பக்தியைப் பார்ப்போம். 2012 ஒக்ரோபரில் வந்த உபுண்டு 12.10இல், சொந்தக் கணினிக்குள் ஒரு கோப்பைத் தேடினாலும் அந்தச் சொல் கனோனிக்கல் நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போனது. பதிலோடு அமேசன் பொருட்களும் வந்து நின்றன. ரிச்சர்ட் ஸ்டோல்மன் அதை உளவு மென்பொருள் என்றே சொன்னார். 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையத்தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பை மாற்றிப் பின்கதவு வைத்த பதிப்பொன்றைக் கொடுத்தார்கள். நம்பகமான இடம் எண்டு நினைச்சு அந்த இணைப்பில் இறக்கினவைக்கு அதுதான் கிடைத்தது.

அதற்காக எல்லாவற்றையும் கண்டு நடுங்கத் தேவையில்லை. வீட்டுக் கணினியில் காணும் புதுமுகம் பெரும்பாலும் அப்பாவிதான். உபுண்டுவில் ஒரு பொதியை நிறுவினால், அதற்குக் கட்டாயம் தேவையானவை மட்டுமல்ல, 'பரிந்துரை' எண்டு குறிச்சவையும் சேர்ந்து வரும். கலியாணத்துக்கு ஒராளைக் கூப்பிட, குடும்பமே வாற மாதிரி. ஆனால் அப்பாவியோ இல்லையோ எண்டதை விசாரிச்ச பிறகுதான் சொல்ல வேணும்.

விசாரிக்கிறது பெரிய வித்தையில்லை. ஏபிடியின் ஹிஸ்டரி லொக் கோப்பைத் திறந்தால், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளையால் எது நிறுவப்பட்டது எண்டு வரிசையாக இருக்கும். டிபிகேஜி கட்டளை, ஒரு கோப்பு எந்தப் பொதிக்குச் சொந்தம் எண்டு சொல்லும். அப்டிடியூட் இருந்தால், அந்தப் பொதியை எது கூட்டி வந்தது எண்டும் கேட்கலாம். ஸ்னப், ஃபிளட்பக் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. ஒருவரும் உரிமை கோராத கோப்பு கணினியோடு சேர்ந்து தானாக இயங்குதெண்டால், அப்போது சந்தேகப்படுங்கள். இணையத்தைத் துண்டியுங்கள், தடயங்களைப் பிரதி எடுங்கள், பிறகு புதிதாக நிறுவுங்கள். எடுத்த எடுப்பில் ஃபோர்மட் அடிப்பது, களவு போன வீட்டைக் கூட்டிக் கழுவிவிட்டுப் பொலிசைக் கூப்பிடுகிற வேலை. கள்ளன் எந்த வழியால் வந்தவன் எண்டு தெரியாவிட்டால், அதே வழியால் திரும்பவும் வருவான்.

"நாங்கள் கலைப்பீடம், இது எங்கட வேலையில்லை" எண்டு சிலர் நழுவுவினம். இந்த ஆவணம் எங்கிருந்து வந்தது, எப்போது எழுதியது, எழுதியவருக்கு என்ன தேவை எண்டு கேட்கத்தானே வகுப்பில் படிக்கிறோம்? லொக் கோப்பும் ஒரு ஆவணம்தான்.

2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவிக்குள் மறைத்த பின்கதவைக் கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். கைதேர்ந்த நிரலாளர்தான், ஆனால் பாதுகாப்பு ஆய்வு அவருடைய தொழிலல்ல. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழமையை விட அரைச் செக்கன் கூட எடுக்குதே, ஏன் எண்டு கேட்டார். அந்தப் பின்கதவை வைத்தது, இரண்டு வருடத்துக்கு மேலாக அதே திட்டத்தில் வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு பெயர். எல்லாரும் இறக்கிப் பார்க்கக்கூடிய கோப்புகளுக்குள் அது ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது.

எவரும் பார்க்கலாம் எண்டதும், எவரோ பார்த்துக்கொண்டிருக்கினம் எண்டதும் ஒண்டல்ல. லினக்ஸ் எங்களுக்குத் தருவது கேள்வி கேட்கிற உரிமையை மட்டும்தான். கேள்வியை நாங்கள்தான் கேட்க வேணும். இந்தக் கிழமையே அந்த லொக்கைத் திறந்து, தெரியாத ஒரு பெயரையாவது விசாரியுங்கள்.