உம்மம்மா சும்மா இருக்கவில்லை

"உம்மம்மா, அதை வைங்க. நான் கழுவுறன். நீங்க போய்ச் சும்மா இரிங்க."

நம் வீடுகளில் நாளுக்கு நாலு தடவை கேட்கும் பேச்சு இது. அன்பினால் சொல்வதுதான். எண்பதைத் தாண்டியவர் கோப்பை கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எந்தப் பேத்திக்கு மனம் வரும்? ஆனால் சகோதரிகளே, இந்த அன்பு அவருக்கு நன்மைதான் செய்கிறதா?

"உடற்பயிற்சி ஏதும் செய்கிறீர்களா?" என்று டொக்டர் கேட்டால், "இந்த வயசுல என்ன பயிற்சி மகன், ஒன்றுமில்ல" என்பார் உம்மம்மா. காலையில் உடுப்பு மடித்ததையும், முற்றத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதையும் அவர் கணக்கில் எடுப்பதில்லை. நாமும் எடுப்பதில்லை. வாயால் கேட்டு எழுதும் ஆய்வுகளிலும் இந்தச் சிறு வேலைகள் தவறிப்போய்விடுகின்றன.

இதற்கு வழி காட்டியது உடலில் அணியும் சென்சர். அமெரிக்காவில் 2012 முதல் 2014 வரை, 63 முதல் 97 வயதான பெண்களுக்குத் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைக் கொடுத்து, ஏழு நாட்கள் இடுப்பில் அணியச் செய்தார்கள். உடலின் அசைவை மூன்று திசைகளிலும் வினாடிக்கு 30 தடவை அது பதிந்துகொள்ளும்.

ஆனால் இளம் பெண்ணுக்கு வகுத்த அளவால் மூதாட்டியை அளக்கலாமா? நமக்கு இலேசான நடை அவருக்குப் பெரும் உழைப்பல்லவா? அதனால் 60 முதல் 91 வயதான பெண்களை அழைத்து, கோப்பை கழுவவும், தரை துடைக்கவும், உடுப்பு வேலை பார்க்கவும், நடக்கவும் செய்தார்கள். ஒவ்வொரு வேலையிலும் உடல் எவ்வளவு ஒட்சிசனைச் செலவிடுகிறது என்று அளந்து, சென்சரின் எண்களோடு ஒப்பிட்டார்கள். குசினி வேலைக்கும் கணக்கில் ஓர் இடம் கிடைத்தது.

2019இல் முடிவு வெளியானது. 5,861 பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்ததில், இத்தகைய இலேசான அசைவு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட, மாரடைப்பும் இதய நாள நோயால் மரணமும் 42 வீதம் குறைவாகக் காணப்பட்டன. உடல்நலம் உள்ளவர்தானே அதிகம் நடமாடுவார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அசைவு மட்டுமே காரணம் என்று இந்த ஆய்வைக் கொண்டு அறுதியிட முடியாது. என்றாலும் சிறு வேலைகளை அற்பமாக எண்ணக் கூடாது என்பது தெளிவு.

வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய கைக்கடிகாரம் சில வீடுகளில் உம்மாவின் காலடிகளை எண்ணுகிறது. அதை முழுமையாக நம்பிவிடாதீர்கள். மெதுவாக நடப்பவர், நடைச்சட்டத்தைப் பிடித்து நடப்பவர் ஆகியோரின் காலடிகள் பல அதில் தவறிப்போகும். கை அசைந்தால்தானே அது எண்ணும்! பத்தாயிரம் என்ற இலக்கும் வேண்டாம். அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். உம்மாவின் நேற்றைய கணக்கோடு இன்றையதை ஒப்பிடுங்கள், அது போதும். சில நாட்களாகக் கணக்குக் குறைந்துகொண்டே வந்தால் கால் வலியா, தலைச்சுற்றா, மனக்கவலையா என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். தேவையானால் டொக்டரிடம் காட்டுங்கள்.

விழுந்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. அதற்காக வேலையைப் பறிக்காமல் ஆபத்தை அகற்றுங்கள். ஈரத் தரையைத் துடையுங்கள். வழுக்கும் விரிப்பை எடுங்கள். குளியலறையில் பிடிகம்பி பொருத்துங்கள். நின்று களைத்தால் இருக்கக் குசினியில் ஒரு கதிரை போடுங்கள்.

நாளை உம்மம்மா கோப்பையைக் கையில் எடுத்தால் பறிக்காதீர்கள். பக்கத்தில் நின்று, அவர் கழுவித் தருவதை நீங்கள் துடைத்து வையுங்கள்.