கவிழ்ந்திருக்கும் கட்டைத் திறந்து காட்டாதீர்கள்

சீட்டாட்டம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம் ஊரில் உண்டு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் பென்ஷன்காரர்கள். விருதுநகரில் மதியச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து ரம்மி ஆடுவோம். இரண்டு கட்டு, ஆளுக்கு 13 சீட்டு. காசு கிடையாது. பாயிண்டை நோட்டில் எழுதுவோம். அதிகம் வாங்கியவர் அன்றைய காபிச் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டத்தில் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. ஆட்டம் முடிந்து "நீ ஏன் அந்தச் சீட்டை இறக்கினாய்?" என்று பேச ஆரம்பித்தால்தான் வம்பு. அப்படி ஒரு பேச்சில் மனம் கசந்து ஒருவர் இரண்டு மாதம் வரவே இல்லை. எழுபதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு மாதம் என்பது சின்ன விஷயமா?

ரம்மி வெறும் அதிர்ஷ்டம் என்றால் விவாதமே தேவையில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் 1967-லேயே, ஆந்திர மாநில வழக்கு ஒன்றில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொல்லிவிட்டது. விழுகிற சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை இறக்குவது என்று யோசிக்க வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். திறமை என்றால் அது கற்றுக்கொள்ளக்கூடியது. கற்றுக்கொள்ள வேண்டுமானால் அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும்.

காதில் வாங்க விடாமல் தடுப்பது எது? நான் பார்த்தவரையில் ஒரு பழக்கம்தான். ஆட்டம் முடிந்ததும், கவிழ்த்து வைத்த கட்டிலிருந்து மேல்சீட்டை எடுத்துத் திருப்பிக் காட்டுவது. "பார், அடுத்த சீட்டே ஜோக்கர்! நீ ஸ்கூட் விட்டுட்டியே!" இதற்கு எதிராளியால் பதில் சொல்ல முடியாது. ஆனால் அது நியாயமான வாதமும் இல்லை. முடிவெடுத்த நேரத்தில் அந்த ஜோக்கர் யார் கண்ணுக்கும் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். எடுத்த எடுப்பில் கையைக் கவிழ்த்து ஒதுங்கினால் 20 பாயிண்ட். ஆடி, ஃபுல் வாங்கினால் 80. மோசமான கை நாலு முறை வருகிறது, நாலு முறையும் ஸ்கூட் விட்டால் மொத்தம் 80. நாலு முறையும் ஆடி, இரண்டில் ஜெயித்து இரண்டில் ஃபுல் வாங்கினால் 160. ஜெயித்த அந்த இரண்டு ஆட்டத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு "ஸ்கூட் விடுபவன் கோழை" என்று பேசுபவர்கள் எத்தனை பேர்!

சீட்டுச் சேர்ப்பதிலும் இதே கதைதான். ஆட்டின் 6, 7 கையில் இருந்தால் 5 வந்தாலும் சரி, 8 வந்தாலும் சரி. இரண்டு கட்டிலும் சேர்த்து நாலு சீட்டு உதவும். 6, 8 வைத்திருந்தால் 7 மட்டும்தான், அதாவது இரண்டே சீட்டு. ஒரு நாள் அந்த 7 வந்து ஒருவர் டிக் அடித்துவிட்டால், அதுவே அவருக்கு வாழ்நாள் சித்தாந்தமாகிவிடுகிறது.

அமெரிக்காவில் போக்கர் ஆடிப் பேர் வாங்கிய ஆனி டியூக் என்ற பெண்மணி, 2018-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைப் பற்றி விளக்கியிருக்கிறார். போக்கர்காரர்கள் இதை 'ரிசல்டிங்' என்கிறார்கள். முடிவு நன்றாக அமைந்தால் யோசனையும் நல்லது, முடிவு கெட்டால் யோசனையும் கெட்டது என்று நினைத்துவிடுவது.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சீட்டு வைத்து விளக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைகளில் ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்க வேண்டும், இவ்வளவு மருந்துதான் வைக்க வேண்டும் என்று விதி உண்டு. அதை எடுத்துச் சொன்னால் "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்ற பதிலை நாமெல்லோரும் கேட்டிருக்கிறோம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்திலும் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். ஒன்றும் ஆகாமல் போனது, செய்தது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. சீட்டில் போவது காபிக் காசு. அங்கே போவது உயிர். ஆனால் மனசு தப்புகிற இடம் ஒன்றேதான்.

அதற்காக, கணக்குப் பேசுகிறவர் சொல்வதே வேதம் என்றும் நான் சொல்ல மாட்டேன். எதிரே இருப்பவர் ராஜாவை இறக்கும்போது ஒரு நொடி தயங்கினாரா என்பது கணக்குக்குத் தெரியாது. நாற்பது வருஷம் ஆடியவருக்குத் தெரியும். அனுபவஸ்தர் அதை விளக்கிச் சொன்னால் இளையவர்கள் கேட்க வேண்டும். "எனக்குத் தெரியும், நீ பேசாதே" என்றால் யார்தான் கேட்பார்கள்?

எங்கள் வட்டத்தில் இப்போது இரண்டு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒன்று, ஆட்டம் முடிந்தபின் கவிழ்ந்த கட்டை யாரும் தொடக்கூடாது. இரண்டு, ஒருவர் ஆடியது தப்பு என்று சொல்லும் முன், "அப்போது என்ன நினைத்து இறக்கினீர்கள்?" என்று கேட்டுவிட வேண்டும். பாதி நேரம் அவர் சொல்லும் காரணம் நமக்குத் தோன்றாததாக இருக்கிறது. மீதி நேரம் சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிடுகிறது, நாம் வாய் திறக்க வேண்டியதே இல்லை.

வராமல் இருந்த நண்பரும் இப்போது வருகிறார். உங்கள் வட்டத்திலும் செய்து பாருங்கள்.