கோயில் இட்லியை நாளைக்குச் சாப்பிடுங்க!

முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிற குடும்பங்கள் பலவும், அப்படியே சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் ஒரு நடை போய் வருவதுண்டு. தரிசனம் முடிந்ததும் கோயில் இட்லி. ஒரு விள்ளல் வாயில் போட்டதும் சின்னவர்கள் முகம் மாறும். "இதுவா காஞ்சிபுரம் இட்லி? ஹோட்டல்ல பஞ்சு மாதிரி இருக்குமே!" மீதி, பையின் அடியில் போய்விடும்.

அவசரத் தீர்ப்பு அது.

இதற்குக் குடலை இட்லி என்றும் பெயர். பச்சரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்து, இரவு முழுக்கப் புளிக்க விடுகிறார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் சேரும். வெங்காயம், பூண்டு, மிளகாய்க்கு இடமில்லை. நீளமான மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றி அடுக்கி, மாவை ஊற்றி அவிக்கிறார்கள். நம் வீட்டு இட்லி பத்து நிமிடத்தில் வெந்துவிடும். குடலைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். வெந்ததைத் துண்டு போட்டுத்தான் கொடுப்பார்கள்.

இவ்வளவு இறுக்கமான பண்டம், ஊருக்குக் கட்டிக்கொண்டு போகவே தோதானது. சூட்டில் மிளகு மட்டும் முந்திக்கொண்டு நிற்கும். ஆறி, ஒரு ராத்திரி கடந்த பிறகு நெய் உள்ளே ஊறியிருக்கும். சுக்கு மெல்லத் தலைகாட்டும். புளிப்பு கொஞ்சம் தூக்கலாகி, காரத்தோடு சமாதானம் ஆகிவிடும். மந்தாரை இலை வாசனையும் அப்போதுதான் பிடிபடும்.

பிரான்ஸில் போர்டோ வட்டாரத்துச் சிவப்பு ஒயினுக்கும் இதே கதை உண்டு. குடும்பப் பத்திரிகையில் ஒயினுக்கு என்ன வேலை என்று பாட்டிகள் கோபிக்க வேண்டாம், கதையை மட்டும் எடுத்துக்கொள்வோம். திராட்சைத் தோலும் விதையும் தருகிற துவர்ப்பு, புது ஒயினில் நாக்கைப் பிடிக்கும். வருடங்கள் போகப் போக அது அடங்கி, அடியில் வண்டலாகத் தங்கும். கருஞ்சிவப்பு நிறம் செங்கல் நிறத்துக்கு இறங்கும். 2005 போல வெயில் சரியாக அமைந்த வருடத்துப் பாட்டிலுக்கு விலையும் பேரும் எக்கச்சக்கம். கோடையெல்லாம் குளிரும் மழையுமாகப் போன 2007-க்கு அந்த மரியாதை கிடையாது. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். விலை குறைவு, நீண்ட காலம் காத்திருக்கவும் வேண்டாம். பெரிய வருடத்து ஒயின் இன்னும் விறைப்பாக நிற்கும்போதே, இது பக்குவத்துக்கு வந்திருக்கும். எல்லாப் பாட்டிலும் அப்படி அமையாது என்பதும் உண்மைதான். குடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஹோட்டலில் டம்ளரில் ஊற்றி, முந்திரி தாளித்துத் தருகிற 'காஞ்சிபுரம் இட்லி'யும் நல்ல ருசிதான். ஆனால் அதன் அழகெல்லாம் தட்டில் ஆவி பறக்கிற வரைக்கும்தான். அதை வைத்துக் குடலை இட்லிக்கு மார்க் போடுவது நியாயமில்லை.

அடுத்த தடவை போனால் மூன்று துண்டு வாங்குங்கள். ஒன்றை அங்கேயே சாப்பிடுங்கள். இன்னொன்று ராத்திரி, வீட்டில். மூன்றாவதைப் பிளாஸ்டிக் பையில் திணிக்காமல், இலையிலோ துணியிலோ சுற்றி வையுங்கள். மறுநாள் காலை மெல்லிய வில்லையாக நறுக்கி, தோசைக்கல்லில் துளி நெய் விட்டு, இரண்டு பக்கமும் சிவக்க வாட்டுங்கள். கெட்ட வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படாது. மிளகாய்ப்பொடி இல்லாமல் இறங்காது என்பவர்கள், முதல் வில்லையையாவது வெறுமனே சாப்பிட்டுப் பாருங்கள்.