புதுசா முலாம் வேணாம், துடைச்சாலே போதும்!

(என் கருத்து)



நம்ம போடியில் பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி கேட்கும். "வீல் கப்பு மங்கிப் போச்சுப்பா, மதுரைக்குக் கொடுத்துப் புதுசா குரோம் ஏத்திரணும்." எங்க பெரியப்பாவோட அம்பாசிடருக்கும் இப்போ அதே பேச்சுதான் நடக்குது. வீட்டில் என்னிடம் யாரும் கருத்து கேட்கவில்லை. அதனால் இந்தச் சுவரில் எழுதுகிறேன். முலாம் உரியாமல் இருக்கிற வரைக்கும் அதைத் துடைத்துக் காப்பாற்ற வேண்டும். வெறும் பளபளப்புக்காகப் புது முலாம் பூசக் கூடாது. இதுதான் என் கருத்து.

முதலில் வீல் கப்பு ஏன் மங்குதுன்னு பார்ப்போம். அடியில் இருப்பது இரும்புத் தகடு. அதன்மேல் நிக்கல். அதுக்கும் மேலே குரோமியம். வேதியியலில் மின்முலாம் பூசுதல் என்று படிக்கிறோமே, அதேதான். மேலே இருக்கிற குரோமியம் பெரும்பாலும் 1 மைக்ரான் கனம்கூட இருக்காது. 1 மில்லிமீட்டரை 1,000 பங்கு போட்டால் ஒரு பங்குதான் 1 மைக்ரான். நம்ம தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும் என்றால் கணக்குப் போட்டுக்கோங்க! அவ்வளவு மெல்லிசான போர்வைதான் இத்தனை வருஷமா அந்தக் கப்பைக் காப்பாத்திட்டு வருது.

இந்தப் போர்வையில் கண்ணுக்குத் தெரியாத பொடி ஓட்டைகள் உண்டு. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குற வண்டிக்கு மேலே பனிமூட்டம், சாரல், சேறு எல்லாம் கிடைக்கும். சேறு கப்பின் ஓரத்தில் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ஈரம் ஓட்டை வழியா இரும்பைத் தொட்டால் துரு கிளம்பும். அது வெளியே வந்து பழுப்புப் புள்ளியா நிற்கும். அதைப் பார்த்ததும் "குரோம் போச்சு" என்று முடிவு கட்டிடறாங்க. ஆனால் பல கப்புகளில் குரோம் போகவில்லை. அதன்மேல் துரு படிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் துருவை எடுக்கப் பெரிய பட்டறை தேவையில்லை.

1. கப்பைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவணும். மண் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால் கீறல் விழும்.

2. பிரியாணிப் பொட்டலம் கட்டுற சில்வர் பேப்பர் இருக்கே, அது அலுமினியத் தாள். அதைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, துருப் புள்ளி மேல் மெதுவாகத் தேய்க்கணும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. அதனால் துரு வரும், முலாம் கீறாது.

3. தேய்க்கும்போது வரும் கருப்பு அழுக்கைக் கழுவி, பருத்தித் துணியால் துடைக்கணும். கப்பின் உள்பக்கத்தையும் மறக்காமல் காய வைக்கணும்.

4. கடைசியா கார் மெழுகை லேசாகப் பூசித் துடைக்கணும். மெழுகு பொடி ஓட்டைகளை அடைக்கும். மழைக்காலம் முடிந்ததும் மறுபடியும் பூசணும்.

உப்புத்தாள், இரும்பு நார், கக்கூஸ் கழுவும் ஆசிட் மூன்றும் கூடவே கூடாது. ஆசிட் துருவோடு குரோமியத்தையும் கரைத்துவிடும்.

இனி, புது முலாம் வேண்டாம் என்று நான் சொல்லும் முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். கப்பின் மேல் பூசிய குரோமியம் நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் அதைப் பூசும் தொட்டியில் வழக்கமாக இருப்பது குரோமிக் அமிலம். அதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். தொட்டியிலிருந்து கிளம்பும் ஆவியைச் சுவாசித்தால் மூக்குக்குள் புண் வரும், நுரையீரல் புற்றுநோயும் வரலாம். பளபளப்பு நமக்கு, புண் அந்தத் தொழிலாளிக்கு! கழிவு நீரைச் சுத்தம் செய்யாமல் விட்டால் மண்ணும் கிணறும் கெடும்.

இது பயமுறுத்தல் இல்லை. ராணிப்பேட்டையைப் பாருங்கள். அங்கே குரோமிய உப்புகள் தயாரித்த ஓர் ஆலை 1990-களில் மூடப்பட்டது. அது முலாம் பட்டறை அல்ல, தோல் தொழிலுக்கு உப்பு தந்த ஆலை. ஆனால் விஷம் அதே குரோமியம்தான். ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அங்கேயே கொட்டிக் கிடந்தது. நிலத்தடி நீர் கெட்டது. 2006-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க அமைப்பு வெளியிட்ட, உலகிலேயே மிகவும் மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. நம்ம கொட்டகுடி ஆற்றுக்கு அப்படி ஒரு நிலை வந்தால் சும்மா இருப்போமா? நம்ம ஆறுன்னா ஒரு நியாயம், அடுத்த ஊர் கிணறுன்னா ஒரு நியாயமா?

"அப்போ முலாம் போடுறவங்க பிழைப்பு என்னாகும்?" என்று என் நண்பன் கேட்டான். நல்ல கேள்விதான். முலாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாய்க்கும் இயந்திரத் தண்டுக்கும் அது தேவை. நிக்கலும் உரிந்து இரும்பு தெரியிற கப்பைத் தேய்த்துப் பயனில்லை, அதற்கும் முலாம்தான் வழி. அப்போது கழிவைச் சுத்தம் செய்யும் பட்டறையாகப் பார்த்துக் கொடுப்போம். மூன்று இணைதிறன் குரோமியத்தில் பூசும் முறையும் வந்துவிட்டது, அதில் ஆபத்து குறைவு.

இன்னொன்றும் யோசிங்க. 1957-ல் தொடங்கிய அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. புது முலாம் ஏற்றணும்னா பழைய முலாமை உரித்து, சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் தகடு தேயும், விளிம்பு மழுங்கும். 50 வருஷம் தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, என்ஜினைப் பெரிதாக மாற்றாத வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. பழைய வண்டிக்கு மதிப்பே அது அதுவாக இருப்பதில்தான்!

கந்தையானாலும் கசக்கிக் கட்டணும்னு பெரியவங்க சொன்னாங்க. கிழித்துப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்லவில்லை. ஒரு சில்வர் பேப்பர், கொஞ்சம் மெழுகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

துடைப்போம்! காப்போம்!

— பிளஸ் ஒன் மாணவன்