அதே வருஷம், அதே நட்சத்திரம்!

ராத்திரி ஒரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். சிரப் பாட்டிலை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தால் எழுத்து கலங்குகிறது. கையை நீட்டிப் பிடித்தால்தான் எத்தனை மில்லி என்று தெரிகிறது. நாற்பதை ஒட்டிய அப்பா, அம்மாக்கள் தங்களுக்கு வயதாகிவிட்டதைத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இப்படித்தான். நம் பாட்டிகள் இதை வெள்ளெழுத்து என்பார்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நெகிழ்வு குறையக் குறைய, கிட்டத்தில் இருப்பது மங்கும். யாருக்கும் தப்பாது.

முன்பெல்லாம் வெள்ளெழுத்து வரும் வயதில் பிள்ளைகள் காலேஜில் இருப்பார்கள். இப்போது படிப்பு, வேலை, வீட்டுக் கடன், சிலருக்குச் சிகிச்சை என்று எல்லாம் தாண்டிக் குழந்தை பிறக்கும்போதே 37, 38 ஆகிவிடுகிறது. அப்பா கண்ணாடி வாங்கும் மாதத்தில்தான் குழந்தைக்குக் கடைசிப் பால்பல் முளைக்கிறது. (மொத்தம் 20 பால்பற்கள், மூன்று வயது வாக்கில் எல்லாம் வந்துவிடும்.) தரையிலிருந்து எழும்போது அப்பா 'அப்பாடா' என்கிறார். குழந்தையும் கையை ஊன்றி 'அப்பாடா' என்கிறது. வீடே சிரிக்கிறது. இதில் தற்செயல் ஒன்றும் இல்லை, சுத்தமான காப்பி!

நிஜமாகவே யோசிக்க வைக்கும் தற்செயல்களும் உண்டு. மதுரையில் ஒரு வீடு. 40 வயது அப்பா, வேலைக்குப் போகும் அம்மா, இரண்டரை வயது மகள், அவளைப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தா. தாத்தா 1963-ல், சோபகிருது வருஷத்தில், அனுஷ நட்சத்திரத்தில் பிறந்தவர். தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. 2023 ஏப்ரலில் மறுபடி சோபகிருது பிறக்கும், அறுபதாம் கல்யாணம் நடக்கும் என்று அப்பத்தா பட்டுப்புடவையின் நிறம் வரை முடிவு செய்து வைத்திருந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு மாரடைப்பில் தாத்தா போய்விட்டார். கல்யாணம் நடந்திருக்க வேண்டிய அதே சோபகிருதில், அதே அனுஷத்தில் பேத்தி பிறந்தாள்.

"அவுக எங்கயும் போகலய்யா. இந்தா, இங்கதான இருக்காக" என்றார் அப்பத்தா மகனிடம். மகன் என்ன பதில் சொல்வார்?

கணக்குப் போட்டால் பதில் இருக்கிறது. நட்சத்திரங்கள் 27. ஏழு பேர் உள்ள ஒரு குடும்பத்தில் யாராவது இருவருக்கு ஒரே நட்சத்திரம் அமைய எவ்வளவு வாய்ப்பு? சுமார் 57 சதவிகிதம். ஆம், பாதிக்கும் மேல்! ஏழு பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 21 ஜோடிகள் கிடைப்பதுதான் ரகசியம். ஆங்கிலத் தேதியாக இருந்தாலும் 23 பேர் கூடிய இடத்தில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். குறிப்பாகத் தாத்தாவின் நட்சத்திரமே வேண்டும் என்றால் 27-ல் ஒன்று. ஆனால், நட்சத்திரம் பொருந்தாவிட்டால் அப்பத்தா திதியைப் பார்த்திருப்பார். அதுவும் இல்லையென்றால் மச்சம், அதுவும் இல்லையென்றால் மூக்கு. தேடுகிறவருக்கு ஏதாவது ஒன்று கிடைக்காமல் போகாது.

(நல்லவேளையாக, தாத்தாவுக்கு ஜாதகம் இருந்தது. அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதி என்பது தலைமை ஆசிரியர் போட்டதுதான். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டுவிட்டால் பள்ளியில் சேர்த்துக்கொண்டு, வயசுக்குத் தகுந்தபடி மே, ஜூனில் ஒரு தேதியை எழுதிவிடுவார். ஒரே தெருவில் நாலு தாத்தாக்கள் ஒரே மாதத்தில் ரிட்டயர் ஆனதன் பின்னணி இதுதான்.)

இந்தக் கணக்கையெல்லாம் அப்பத்தாவிடம் சொல்ல வேண்டியதில்லை. பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரிலிருந்து வந்தவை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து, போனவரை வீட்டிலேயே வைத்துக்கொண்ட சமூகம் இது. ஆனால், அந்த வீட்டில் அது கொஞ்சம் கூடிப்போனது. செருப்புகளை வரிசையாக அடுக்கினால், "அவுக பழக்கம்." பொருள்களை வரிசை கட்டுவது இரண்டு வயதுக் குழந்தைகள் பலரும் ஆடும் விளையாட்டுதான். சுவரில் கிறுக்கியதற்கு அம்மா அதட்டினால், "அவுகள அதட்டுற மாதிரி இருக்கு, வேணாம் தாயி." இரண்டரை வயதில் அடுத்தவரின் 59 வருஷத்தைச் சுமப்பது சின்ன வேலையா? அதட்டு வாங்குவதும் குழந்தையின் உரிமைதானே!

மகனுக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா 59-ல் போனார். தனக்கு இப்போது 40. நடுவில் 19 வருஷம். அப்போது மகளுக்கு 21, இருபத்திரண்டு. காலேஜ் முடித்திருப்பாளா? இந்தக் கழித்தலை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தாமதமாகப் பெற்றோரான பலரும் தூக்கம் வராத ராத்திரிகளில் போடும் கணக்குதான் இது.

இங்கேதான் ஒரு வித்தியாசம். நட்சத்திரம் பொருந்துவது தற்செயல், சிரித்துவிட்டுப் போகலாம். அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது மகனுக்குத் தற்செயல் அல்ல. குடும்பத்தில் இதய நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுதல். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும், புகை கூடவே கூடாது. ரத்த உறவைத் திருத்த முடியாது. ஆனால், இவற்றைக் கட்டுக்குள் வைக்க முடியும். ஒருவழியாக அவர் பரிசோதனைக்குப் போனார். கொழுப்பு எல்லையைத் தாண்டியிருந்தது. இப்போது மாத்திரை, சாயங்கால நடை. மகளோடு நடப்பதால் அரை கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. வழியில் உள்ள எல்லா நாய்க்கும் டாட்டா சொல்ல வேண்டுமே! அவளை வீட்டில் விட்டுவிட்டு இன்னொரு சுற்று வேகமாக நடக்கிறார்.

போன வாரம் வீட்டில் பாகற்காய் வறுவல். தாத்தா ஆயுளில் தொடாத காய். அப்பத்தாவின் தட்டிலிருந்து மொறுமொறுவென்று இருந்த ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள் பேத்தி. முகம் சுளிக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மென்று முழுங்கிவிட்டு, "இன்னும்" என்று கையை நீட்டினாள்.

"இது யாரு பழக்கம்னு தெரியலையே" என்றபடி அப்பத்தா இன்னும் நாலு துண்டு எடுத்துவைத்தார்.