முன்னே போகும் தம்பிகள்

தேசிய சேவையில் மகனுக்குப் போர்ப் பொறியாளர் பிரிவு கிடைத்தால், “ராணுவத்துக்குப் போயும் பாலம்தானா கட்ட வேண்டும்?” என்று சலித்துக்கொள்ளும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பிரிவின் கதை தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ராணுவப் பொறியாளருக்கு ‘சாப்பர்’ என்றும் பெயர். எதிரியின் கோட்டையை நெருங்க மறைவாக வெட்டும் பள்ளத்துக்குப் பிரெஞ்சு மொழியில் ‘சாப்’. மதில்மேலிருந்து குண்டு பொழியும்போது மண்வெட்டியோடு முதலில் போனவர் அவர்தான்.

இந்த வேலையில் நம்மவர்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியின் மைசூர்ப் படை, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையொன்றை நொறுக்கியது. அதே மாதம் 30ஆம் தேதி மதராசில் ‘பயனியர்’ என்ற பெயரில் இரண்டு படைக்குழுக்கள் திரட்டப்பட்டன. காடு வெட்டிப் பாதை போடுவதும் ஆற்றைக் கடக்க வழி செய்வதும் அவர்கள் பொறுப்பு. 1831இல் அது ‘மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ ஆனது. பின்னர் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. இன்று இந்திய ராணுவத்தின் ‘மெட்ராஸ் என்ஜினியர் குரூப்’. அதன் வீரர்களுக்குச் செல்லப் பெயர், ‘தம்பி’.

அன்று அவர்கள் உழைத்தது அந்நிய ஆட்சிக்குத்தான்; மறைப்பதற்கில்லை. ஆனால் அவர்களின் திறமை உலகெங்கும் போனது. 1912இல் இப்படையின் அதிகாரி மெக்லின்டாக், வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கும் முறையை உருவாக்கினார். அதுதான் ‘பெங்களூர் டார்பிடோ’. 1944இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய அமெரிக்கர்களும் அதைக் கொண்டே வழி திறந்தார்கள்.

அதே 1944, பிப்ரவரி 24. இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தார், தமிழரான சுபேதார் சுப்பிரமணியன். உடனிருந்த வீரரின் காலடியில் ஒரு கண்ணி விசைகொண்டது. வெடிக்கச் சில விநாடிகளே இருந்தன. அவர் விலகி ஓடவில்லை. அதன்மேல் பாய்ந்து படுத்தார். அவர் உயிர் போனது, சுற்றியிருந்தவர்கள் பிழைத்தார்கள். மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

அவர் அன்று யாரையும் சுடவில்லை. பின்னால் வருபவர்கள் பத்திரமாக நடக்க வேண்டும் என்பதே அவர் வேலை. போர்க்கதைகளில் கொடி நட்டவரின் பெயர் நிற்கிறது. அவர் நடந்த பாதையைத் துப்புரவாக்கியவரின் பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.